விட்டு விட்டு சுடுற ஹீட்டரும், "டைரக்ட் பண்ணிடலாம் சார்" மேட்டரும்

சென்னையில ஹீட்டரா? அதுவும் சாத்தாங்காட்டுலயா? வெளியூர் மக்கள் சிரிக்கிறது இங்க வரைக்கும் கேக்குது :-)

உண்மைதான். ஜனவரியில விடியக்காலையில கூட இங்க இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஊட்டிக்காரங்க அதை வெயில்னு சொல்வாங்க. ஆனா வீட்டுல வயசானவங்க, கைக்குழந்தை, பிரசவம் ஆனவங்க, மூட்டுவலிக்காரங்க யாராவது ஒருத்தர் இருந்தா போதும், வெந்நீர் வேணும். இப்போ வடசென்னையில ஒரு படுக்கையறை வீட்டுக்கு வாடகை பேசினா கூட "பாத்ரூம்ல ஹீட்டர் இருக்கு"ன்னு ஓனர் தனியா ஒரு வரி சேத்து சொல்றார்.

இன்னொரு வேடிக்கை. எங்க பக்கத்துல வெந்நீருக்கு பஞ்சமே கிடையாது. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துல இருந்து வெளிய வர்ற சுடுதண்ணி எண்ணூர் கழிமுகத்துப் பக்கம் ஓடுது, அதனால மீன், இறால் போச்சுன்னு மீனவர்கள் பல வருஷமா சொல்லிக்கிட்டு இருக்காங்க. ஊருக்கே கரண்ட் காய்ச்சுற இடத்துக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு, குளிக்க ஒரு பக்கெட் வெந்நீர் ஒரு நாள் வருது, ஒரு நாள் வரலைன்னு நாங்க புலம்புறோம். சரி, புலம்பலை விடுங்க. மேட்டருக்கு வருவோம்.

இந்தப் பதிவு அந்த "ஒரு நாள் வருது, ஒரு நாள் வரலை"யைப் பத்தித்தான்.

என் கட்சி இதுதான்: முழுசா செத்துப்போன ஹீட்டரால பெரிய ஆபத்து கிடையாது. நாலு நாள் அடுப்புல தண்ணி காய வைப்போம், அஞ்சாம் நாள் ஆளைக் கூப்பிடுவோம். ஆனா விட்டு விட்டு வேலை செய்யுற ஹீட்டர் இருக்கே, அதை யாரும் ரிப்பேர் பண்றதில்லை. ஸ்விட்சை ரெண்டு தடவை தட்டுவோம், பிளக்கை ஆட்டுவோம், "இப்ப வந்துடுச்சு"ன்னு சந்தோஷமா குளிக்கப் போயிடுவோம். ஈரக் காலோட, ஈரக் கையோட, கரண்டும் தண்ணியும் சேர்ற ஒரே அறையில, எங்கேயோ ஒரு கோளாறு இருக்குன்னு தெரிஞ்சே நிக்கிறோம். இதுதான் எனக்குப் புரியலை.

உள்ள என்னதான் இருக்கு?

சுவத்துல மாட்டியிருக்கிற 15 லிட்டர் ஹீட்டரை ஏதோ ராக்கெட் மாதிரி நினைக்க வேண்டாம். ஒரு டேங்க். அதைச் சுத்தி சூடு போகாம இருக்க நுரைப் பொதி. உள்ள ஒரு எலிமெண்ட், பெரும்பாலும் 2000 வாட். தண்ணி போதுமான அளவு சுட்டதும் கரண்டை நிறுத்துற தெர்மோஸ்டாட். அந்த தெர்மோஸ்டாட் மக்கர் பண்ணி சூடு எல்லை மீறினா நிறுத்துறதுக்கு கட்-அவுட். அதுவும் தோத்து உள்ள அழுத்தம் ஏறினா, அதை வெளிய விடுறதுக்கு சேஃப்டி வால்வு. இது போக மெக்னீசியத்துல ஒரு கம்பி, அனோட் ராடுன்னு சொல்வாங்க. டேங்க் அரிக்காம இருக்க, தான் அரிபட்டு உயிரை விடுற தியாகி அது.

கவனிச்சீங்களா? சூடு பண்றதுக்கு ஒரே ஒரு சாமான். தடுக்கிறதுக்கு மூணு. கம்பெனிக்காரன் சும்மா தூக்கிக் குடுக்குற ஆளா? தேவையில்லாம மூணு காவல்காரனை வச்சிருக்க மாட்டான். இதை ஞாபகத்துல வச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

விட்டு விட்டு சுடுறதுக்கு நம்ம ஊரு காரணங்கள்

நான் இரும்பு மார்க்கெட்ல கணக்கு எழுதுறவன். ஜார்ஜ் டவுன் நெரிசலைக் குறைக்க சி.எம்.டி.ஏ. சாத்தாங்காட்டுல போட்ட மார்க்கெட்தான். எந்த இரும்பு எவ்வளவு நாள்ல துருப் பிடிக்கும்னு பாத்துப் பாத்தே எனக்கு ஒரு படிப்பு வந்துடுச்சு. கம்பெனி புத்தகத்துல இருக்கிற காரணங்களை விட எங்க ஏரியாவுல மூணு காரணம் முக்கியம்.

முதல் காரணம், தண்ணி.

எங்க பக்கத்துல எல்லாத்தையும் "உப்புத்தண்ணி"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிடுவோம். ஆனா அதுல ரெண்டு விஷயம் கலந்திருக்கு. ஒண்ணு நிஜ உப்பு. கடல்தண்ணி நிலத்தடிக்குள்ள ஏறினதால வந்தது. மீஞ்சூர் பக்கம் இது 1960கள் கடைசியில இருந்தே பேசப்படுற பிரச்சினை. இது உலோகத்தை அரிக்கும். இன்னொண்ணு கடினத்தன்மை. கால்சியம், மெக்னீசியம் சமாச்சாரம். சோப்பு போட்டா நுரை வராதுல்ல, அது. இது அரிக்காது, படியும். மத்ததெல்லாம் சூடானா நல்லா கரையும். இந்த சுண்ணாம்பு மட்டும் தலைகீழ், தண்ணி சூடாக ஆக பிரிஞ்சு வந்து எலிமெண்ட் மேலயே வெள்ளையா உக்காந்துக்கும். இட்லிப் பானை அடியில பாத்திருப்பீங்களே, அதே.

குடிதண்ணிக்கான இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 10500. அதுல மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏத்துக்கலாம், வேற வழியில்லைன்னா 600 வரைன்னு இருக்கு. 2010ல காட்டுப்பள்ளியில தினம் பத்து கோடி லிட்டர் கடல்தண்ணியைக் குடிநீராக்குற நிலையம் வந்த பிறகு, வடசென்னையில குழாய்த் தண்ணி நல்லாவே மாறிடுச்சு. ஆனா குளிக்கிறதுக்கு எத்தனை வீட்டுல மெட்ரோ தண்ணி? மாடித் தொட்டியில போர் தண்ணி, லாரித் தண்ணி, மெட்ரோ தண்ணின்னு கூட்டணி ஆட்சிதான் நடக்குது.

சுண்ணாம்பு படிஞ்சா கரண்ட் பில் எகிறும்னு நிறைய பேர் சொல்றாங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்லை. எலிமெண்ட் தண்ணிக்குள்ளதானே முங்கிக் கிடக்கு? அதுல உண்டாகுற சூடு வேற எங்க போகும்? கொஞ்சம் லேட்டானாலும் தண்ணிக்குத்தான் போகும். பாதிப்பு வேற இடத்துல. சுண்ணாம்பு செம்பை விட நூறு மடங்குக்கு மேல மோசமா சூட்டைக் கடத்தும். அதனால எலிமெண்ட் உள்ளுக்குள்ள வெந்து சாகும். அது மட்டும் இல்லை. எலிமெண்ட்டும் தெர்மோஸ்டாட் குழாயும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும். நடுவுல சுண்ணாம்பு பாலம் கட்டிடுச்சுன்னா, தண்ணி சுடுறதுக்கு முன்னாடியே எலிமெண்ட் சூடு நேரா தெர்மோஸ்டாட்டுக்குப் போயி, அது "ஆச்சு, போதும்"னு கரண்டை நிறுத்திடும். குழாயைத் திறந்தா வெதுவெதுன்னு வரும். இதைத்தான் நாம "இன்னிக்கு ஹீட்டர் சரியா வேலை செய்யலை"ன்னு சொல்றோம்.

ரெண்டாவது காரணம், காத்து.

கடல்ல இருந்து நாங்க கூப்பிடு தூரம். எங்க வீட்டு ஜன்னல் கொக்கி கூட ரெண்டு வருஷத்துல உதிர்ந்துடும். அதே காத்துதான் ஸ்விட்ச் போர்டுக்குள்ளயும் போகுது. பிளக் பின், சாக்கெட் உள்ள இருக்கிற பித்தளை, ஸ்க்ரூ எல்லாம் பச்சை பூத்துடும். பச்சை பூத்த இடத்துல கரண்ட் திணறும், திணறின இடம் சுடும், சுட்டா உலோகம் விரியும், தொடர்பு விட்டுப் போகும். ஆறினா மறுபடி ஒட்டும். இதை விட அழகா ஒரு "விட்டு விட்டு" கோளாறை யாரும் உண்டாக்க முடியாது! 2000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதை 16 ஆம்பியர் பெரிய சாக்கெட்லதான் போடணும். ஃபோன் சார்ஜர் போடுற சின்ன சாக்கெட்ல மாத்து பிளக் வச்சு ஓட்டுறவங்க இருக்காங்க. அவங்க தைரியத்துக்கு ஒரு கும்பிடு.

மூணாவது காரணம், வோல்டேஜ்.

இது பலருக்குத் தெரியாத கணக்கு. ஹீட்டரோட சக்தி வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறி இறங்கும். 230 வோல்ட்ல 2000 வாட் குடுக்குற எலிமெண்ட், 200 வோல்ட்ல 1500 வாட் சொச்சம்தான் குடுக்கும். 180 வோல்ட்ல 1225 வாட். 15 லிட்டர் தண்ணியை 25 டிகிரியில இருந்து 60 டிகிரிக்குக் கொண்டு போக 230 வோல்ட்ல சுமார் 18 நிமிஷம், 200ல 24 நிமிஷம், 180ல அரை மணி நேரம் ஆகும். வோல்டேஜ் அஞ்சுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சா, நேரம் ஒண்ணரை மடங்குக்கு மேல. காலையில எல்லா வீட்டு மோட்டாரும் ஓடுற நேரத்துல இருபது நிமிஷம் கழிச்சு குளிக்கப் போனா தண்ணி எப்படி சுடும்? ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு அதே ஹீட்டர் கொதிக்கக் கொதிக்கக் குடுக்கும். ஹீட்டர் மேல தப்பே இல்லை. வயர்மேனைக் கூப்பிட்டு அதுல என்னத்தை மாத்தப் போறீங்க?

ஒரு பழைய நோட்டு போதும்

இங்கதான் நான் ஒண்ணு சொல்லுவேன். விட்டு விட்டு வர்ற கோளாறுக்கு முதல் கருவி டெஸ்டர் இல்லை, நோட்டு. டாக்டர்கிட்ட போனா "காய்ச்சல் எப்ப வருது, குளிரோட வருதா, ராத்திரி வருதா"ன்னு கேக்குறார்ல? அதே மாதிரி ஒரு வாரம் எழுதுங்க. எத்தனை மணிக்குப் போட்டோம், லைட் எரிஞ்சுதா, எவ்வளவு நேரம், தண்ணி எப்படி வந்தது, அந்த நேரம் வீட்டுல வேற என்ன ஓடுச்சு. அவ்வளவுதான். ஒரு வாரத்துல கோளாறு தன் பேரை தானே சொல்லிடும்.

- லைட்டே எரியலை, பிளக்கை ஆட்டினா எரியுது: கோளாறு ஹீட்டர்ல இல்லை. பிளக், சாக்கெட், ஸ்விட்ச், வயர் இதுல ஒண்ணு. ஆட்டுறதை அன்னிக்கே நிறுத்துங்க. சாக்கெட் முகம் பழுப்பா கருகியிருந்தா ஸ்விட்சையே தொடாதீங்க, மெயினை இறக்குங்க.

- காலையில மட்டும் லேட், மதியம் நல்லா சுடுது: வோல்டேஜ். மின்வாரியத்துக்கு எழுதிக் குடுக்க வேண்டிய மேட்டர். அஞ்சாறு வீட்டுக்காரங்க சேர்ந்து குடுத்தா நல்லது.

- ஹீட்டர் போட்டதும் ஒரு அறையில விளக்கு மங்குது, இன்னொரு அறையில பளிச்சுன்னு ஏறுது: மூணு ஃபேஸ் வர்ற கட்டடத்துல இது நியூட்ரல் லூஸ்ங்கிறதுக்கு அடையாளம். வீட்டுல இருக்கிற டிவி, ஃபிரிட்ஜ் எல்லாத்தையும் ஒரே நாள்ல எரிச்சுடும். அன்னிக்கே ஆளைக் கூப்பிடணும்.

- நல்லா சுடுது, திடீர்னு நின்னு போகுது, ரெண்டு மணி நேரம் கழிச்சு தானா வருது: கட்-அவுட் இறங்கி, ஆறினதும் தானா ஏறுது. அதாவது தெர்மோஸ்டாட் தன் வேலையைச் செய்யலை, ரெண்டாவது காவல்காரன் வந்து காப்பாத்திக்கிட்டு இருக்கான்னு அர்த்தம்.

- ரெண்டு மக்கு கொதிக்குது, அப்புறம் பச்சைத் தண்ணி: மிக்ஸர் குழாயைச் சந்தேகப்படுங்க. கை ஷவரை முனையில மட்டும் மூடிட்டு, சுடு பக்கம், பச்சை பக்கம் ரெண்டையும் திறந்தே விட்டிருந்தா பச்சைத் தண்ணி உள்ளுக்குள்ளயே சுடுதண்ணி லைன்ல ஏறிடும். ஹீட்டருக்குப் போற பச்சைத்தண்ணி வால்வை மட்டும் மூடிட்டு சுடுதண்ணிக் குழாயைத் திறங்க. கொஞ்ச நேரத்துல தண்ணி நிக்கணும். நிக்காம வந்தா வேற வழியா கலக்குதுன்னு பொருள். (ஸ்விட்சை அணைச்சிட்டு செய்யணும், சொல்லிட்டேன்.)

- ரெண்டு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்து போட்டதும் ஆர்.சி.சி.பி. இறங்குது: எலிமெண்ட் உறைக்குள்ள இருக்கிற மெக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரம் குடிச்சிருக்கும். உறையில எங்கேயோ பொத்தல், இல்லை வாய்ல அடைப்பு விட்டிருக்கு. சில சமயம் சுட்டு சுட்டு காய்ஞ்சதும் கோளாறு காணாம போகும். போகலை, ஒளிஞ்சிருக்கு.

- குழாயைத் தொட்டா லேசா சுர்ருங்குது: நோட்டு எல்லாம் வேணாம். மெயினை இறக்கு. குளிக்காதே. சரி பண்ற வரைக்கும் ஹீட்டரைப் போடாதே. இதுக்கு மட்டும் ஒரு வார அவகாசம் கிடையாது.

இன்னொண்ணு. சேஃப்டி வால்வுல சுடும்போது கொஞ்சம் சொட்டினா பதறாதீங்க. 15 லிட்டர் தண்ணி 60 டிகிரி ஏறும்போது ஒரு டம்ளர் அளவு விரியும், திரும்பிப் போக வழி இல்லைன்னா அந்த வால்வு வழியாத்தான் வரணும். அதைப் பாத்துட்டு "லீக் ஆகுது"ன்னு எம்-சீல் வச்சு அடைக்கிறவங்க கையைப் பிடிச்சுத் தடுங்க.

இப்ப நான் கோவப்படுற இடம்

எங்க தெருவுல ஒரு வீட்டுல நடந்தது. பொண்ணு பிரசவத்துக்கு வந்திருந்தா. குழந்தை குளிப்பாட்ட வெந்நீர் வேணும். ஹீட்டர் அடிக்கடி நின்னு நின்னு வந்தது. ஒரு வயர்மேன் வந்தார், பத்தே நிமிஷம், போயிட்டார். ஹீட்டர் ஜோரா வேலை செஞ்சுது. அந்த அம்மா என்கிட்ட பெருமையா சொன்னாங்க: "முன்ன மாதிரி இல்ல தம்பி, இப்ப தண்ணி கொதிக்குது. கை வைக்க முடியல."

கை வைக்க முடியலைன்னு கேட்டதும் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. மார்க்கெட்ல கிரேனுக்கு வேலை பாக்குற எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போனேன். மூடியைக் கழட்டிப் பாத்துட்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, இங்க பாரு. கட்-அவுட்டை டைரக்ட் பண்ணி வச்சிருக்கான்."

டைரக்ட் பண்றதுன்னா வேற ஒண்ணுமில்லை. கட்-அவுட்டோட ரெண்டு காலையும் ஒரு சின்ன வயர் போட்டு இணைச்சுடுறது. காவல்காரனைக் கட்டிப்போட்டுட்டு வாசலைத் திறந்து விடுறது. தெர்மோஸ்டாட் ஏற்கனவே ஒட்டிக்கிச்சு, அதனாலதான் கட்-அவுட் இறங்கி இறங்கி ஏறுச்சு. இப்ப ரெண்டும் இல்லை. மிச்சம் இருக்கிறது சேஃப்டி வால்வு ஒண்ணுதான். அது சுண்ணாம்பு அடைச்சுப் போயிருந்தா? மூடின டேங்குக்குள்ள அழுத்தத்துல இருக்கிற தண்ணி நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காம ஏறும். டேங்க் விட்டுச்சுன்னா ஒரே நொடியில நீராவியா வெடிக்கும். பக்கத்துல குழந்தையைக் குளிப்பாட்டிக்கிட்டு ஒருத்தர் இருப்பாங்க.

அண்ணன் வயரைப் பிடுங்கிட்டு, தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் புதுசு போட்டு, எலிமெண்ட்டைக் கழட்டி சுண்ணாம்பைச் சுத்தம் பண்ணி மாட்டினார். ரெண்டு மணி நேரம் ஆச்சு. கூலி கேட்டப்போ அந்த வீட்டுக்காரர் முகம் சுருங்கிச்சு. "அவன் பத்து நிமிஷத்துல முடிச்சான், இதுல பாதிதான் வாங்கினான்"னார்.

இதுதான் மேட்டரே. நம்ம ஊருல நாம பார்ட்டுக்குக் காசு குடுப்போம். கண்டுபிடிக்கிறதுக்குக் குடுக்க மாட்டோம். ஒரு எலிமெண்ட்டை மாத்தி பழசைக் கையில குடுத்தா, "சரி, ஏதோ வேலை செஞ்சிருக்கான்"னு குடுப்போம். ஒரு மணி நேரம் உக்காந்து சாக்கெட், வயர், எர்த் எல்லாம் பாத்துட்டு "இந்த ஸ்க்ரூ லூசு, முறுக்கிட்டேன்"னு சொன்னா, "ஸ்க்ரூ முறுக்குறதுக்கா இவ்வளவு?"ன்னு கேப்போம். அப்புறம் அவர் ஏன் ஸ்க்ரூவைத் தேடப்போறார்? எலிமெண்ட்டையே மாத்திட்டுப் போவார். ரெண்டு நாள் வேலை செய்யும், மறுபடி நிக்கும். அப்புறம் தெர்மோஸ்டாட். அப்புறம் "டேங்க் போச்சு சார், புதுசு வாங்கிடுங்க". கடைசியில புது ஹீட்டரும் அதே பச்சை பூத்த சாக்கெட்லதான் மாட்டப்படும். :-(

வயர்மேன்களைத் திட்ட இந்தப் பதிவு இல்லை. வெயில்ல சைக்கிள்ல வந்து, ஏணி இல்லாம ஸ்டூல் மேல நின்னு வேலை பாக்குறவங்க. டைரக்ட் பண்ற பழக்கத்தை வளத்து விட்டது "இப்பவே வரணும், கம்மியா முடியணும்"னு நிக்கிற நாமதான். நோய் கண்டுபிடிக்கிற கூலின்னு தனியா ஒண்ணு குடுங்க. முதல்லயே சொல்லிடுங்க: "அண்ணே, எந்த பார்ட்டும் மாத்தலைன்னாலும் பரவாயில்ல. எங்க கோளாறுன்னு சொல்லுங்க, உங்க கூலி உண்டு." இந்த ஒரு வரிக்கு வேலை செய்யுற முறையே மாறும்.

எர்த்ங்கிற அநாதை

வாடகை வீட்டுல இன்னொரு கொடுமை இருக்கு. ஹீட்டர் வாடகைக்காரரோடது. வயரிங் ஓனரோடது. குழாய் ஓனரோடது. எர்த் யாரோடது? யாரோடதும் இல்லை. கட்டடம் கட்டும்போது ஒரு ஜி.ஐ. பைப்பை மண்ணுல இறக்கினதோட சரி, அதுக்கப்புறம் அதை யாரும் பாக்கலை.

எங்க மண்ணுல ஒரு விசித்திரம். உப்பும் ஈரமும் இருக்கிறதால எர்த் நல்லாக் கிடைக்கும். ஆனா அதே உப்பு அந்தப் பைப்பையும், அதுல இருந்து வர்ற கம்பியையும் வேகமாத் தின்னுடும். மேல பாத்தா பைப் முனை தெரியும். உள்ள ஒண்ணும் இருக்காது. மூணு பின் பிளக், மூணு கம்பி, எல்லாம் ஒழுங்கா இருந்தும் எர்த் இல்லாத வீடுகள் இப்படித்தான் உருவாகுது. எர்த் செத்த கட்டடத்துல கீழ்வீட்டு ஹீட்டர் லீக், மேல்வீட்டு எர்த் கம்பி வழியா அவங்க குழாய்க்கு வரலாம். உங்க ஹீட்டர் நல்லா இருந்தும் ஷாக் அடிக்கும்!

அதனாலதான் ஆர்.சி.சி.பி. முக்கியம். 30 மில்லி ஆம்பியர் வகை. போற கரண்டும் திரும்புற கரண்டும் சமமான்னு பாத்துக்கிட்டே இருக்கும், வித்தியாசம் வந்தா கண் இமைக்கிறதுக்குள்ள இறங்கும். எம்.சி.பி. இருக்குன்னு நிம்மதியா இருக்கிறவங்களுக்கு: எம்.சி.பி. வயரைக் காப்பாத்தத்தான். உங்களைக் காப்பாத்தாது. ஆனா ஆர்.சி.சி.பி.யும் சாமி இல்லை. ஃபேஸையும் நியூட்ரலையும் சேத்துப் பிடிச்சா அதுக்குத் தெரியாது. டேங்க் வெடிக்கிறதைத் தடுக்காது. மாசத்துக்கு ஒரு தடவை அதுல இருக்கிற டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாக்கணும். கடல் காத்துல அதுவும் இறுகிக்கும்.

"அடிக்கடி இறங்குது"ன்னு அதைக் கழட்டிப் போட்ட வீடுகளையும் பாத்திருக்கேன். 30 மில்லி ஆம்பியர்னு போட்டிருந்தாலும் 15க்கு மேல எங்க வேணா இறங்கலாம். ஹீட்டர்ல பத்து, வாஷிங் மெஷின்ல பத்துன்னு கசிஞ்சா ரெண்டும் ஒண்ணா ஓடும்போது மட்டும் இறங்கும். அதுவும் "விட்டு விட்டு" கோளாறுதான். ஒவ்வொண்ணா பிடுங்கிப் பாத்தா தெரிஞ்சுடும். நாய் குரைக்குதுன்னு நாயை விரட்டினா திருடனுக்குக் கொண்டாட்டம்.

கேஸ் கீசர்காரங்களுக்கு ரெண்டு வார்த்தை

கரண்ட் ஷாக் பயம் இல்லைன்னு கேஸ் கீசர் வாங்கினவங்களும் "பத்துதா, அணையுதா"ன்னு இதே பாட்டுத்தான். பெரும்பாலும் தண்ணி அழுத்தம் பத்தாது, இல்லை பேட்டரி தீர்ந்திருக்கும். பல மாடல்கள்ல இருபது நிமிஷம் ஆனா தானா அணையுற டைமர் உண்டு, அது கோளாறு இல்லை. ஏன் அந்த டைமர்? மூடின பாத்ரூம்ல கேஸ் எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை கிடையாது, புகை தெரியாது. குளிக்கப் போனவங்க திரும்பி வராத செய்திகள் ஒவ்வொரு குளிர்காலமும் வட மாநிலங்கள்ல இருந்து வருது. கேஸ் கீசரை பாத்ரூமுக்கு வெளிய, காத்தோட்டமான இடத்துல வைக்கணும். உள்ளதான் வைக்க முடியும்னா, வேண்டவே வேண்டாம். இதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்லை.

"அட போப்பா, இதுக்கெல்லாம் காசு?"

நியாயமான கேள்வி. தினக்கூலி வீட்டுல எர்த் புதுசா போடு, ஆர்.சி.சி.பி. மாட்டுன்னு சொல்றது எளிது. அந்த வீடுகள்ல ஹீட்டரே இருக்காது, பிளாஸ்டிக் பக்கெட்ல ராடு போடுவாங்க. அது இன்னும் மோசம். தண்ணியில கை வச்சு சூடு பாக்குறதெல்லாம் கண் முன்னாடி நடக்குது.

அவங்களுக்கு என் பதில்: காசு இல்லைன்னா அடுப்பு நல்லது. நிஜமாத்தான் சொல்றேன். அரைகுறை ஹீட்டரை விட அடுப்புல காய்ச்சின ஒரு குண்டான் வெந்நீர் எவ்வளவோ மேல். கொஞ்சம் காசு இருக்குன்னா முதல் செலவு ஆர்.சி.சி.பி., ரெண்டாவது எர்த், மூணாவது நல்ல சாக்கெட். நாலாவதுதான் ஹீட்டர். நாம எல்லாரும் நாலாவதுல இருந்து ஆரம்பிக்கிறோம்.

வருஷத்துக்கு ஒரு தடவை, மார்கழிக்கு முன்னாடி, எலிமெண்ட்டைக் கழட்டி எலுமிச்சை உப்புல ஊற வச்சு சுண்ணாம்பை எடுக்கச் சொல்லுங்க. கக்கூஸ் கழுவுற ஆசிட் ஊத்த விடாதீங்க, உலோகத்தையும் சேத்துத் தின்னுடும். அனோட் ராடு மிச்சம் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. எங்க மாதிரி உப்புத்தண்ணி ஊருல அது சீக்கிரம் கரையும். பல பேருக்கு அப்படி ஒண்ணு உள்ள இருக்கிறதே தெரியாது. முடிச்சதும் மூடியைப் போடுறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை எட்டிப் பாத்து, "எதையும் டைரக்ட் பண்ணலையே அண்ணே?"ன்னு கேளுங்க. கூச்சப்படாதீங்க. குளிக்கப் போறது நீங்க.

உங்க வீட்டு ஹீட்டர் எந்தக் கட்சி? முழுசா வேலை செய்யுதா, முழுசா செத்துடுச்சா, இல்லை நடுவுல ஊசலாடுதா? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. அதுக்கு முன்னாடி எழுந்து போயி அந்த டெஸ்ட் பட்டனை ஒரு தடவை அழுத்திட்டு வந்துடுங்க. (கம்ப்யூட்டரை அணைச்சிட்டு அழுத்துங்க சாமி, பாதியில போயிடும் :-))

பி.கு: எலிமெண்ட், தெர்மோஸ்டாட், எர்த் வேலையை யாரும் இந்தப் பதிவைப் படிச்சிட்டு தானே கழட்ட வேண்டாம். நோட்டு எழுதுறது, பிளக் கருகியிருக்கான்னு பாக்குறது, பட்டன் அழுத்துறது இவ்வளவுதான் நம்ம வேலை. மிச்சத்துக்கு லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுங்க. கூலியைக் குறைக்காதீங்க.